சிலிண்டர் பவரும் கணவாய்க் காற்றும்: டோரிக் லென்ஸ் அனுபவம்

கிட்டப்பார்வை மட்டும் உள்ளவர் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டால், அது கருவிழியின் மேல் எப்படிச் சுழன்றாலும் அவருடைய பார்வை மாறுவதில்லை. கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளையாததால் வரும் சிலிண்டர் பவர் உள்ளவருக்கு அப்படியில்லை. அவருக்குரிய டோரிக் லென்ஸ் குறிப்பிட்ட கோணத்தில் நின்றால்தான் எழுத்து தெளியும். சற்றே திரும்பினாலும், பவர் துல்லியமாக இருந்தும், எழுத்து நிழலடிக்கும். ஆகவே இந்த லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது, சீட்டில் எழுதியிருக்கும் எண்ணைவிட, நம் கண்ணில், நம் ஊர்க் காற்றில், நாம் செய்யும் வேலையின் நடுவே அது அசையாமல் நிற்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளாக டோரிக் லென்ஸ் அணிந்துவருகிறேன். லென்ஸ் வாங்க யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே வசிக்கிறேன். தமிழ்வழி வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை இந்தப் பகுதியில்தான் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி, பாலக்காட்டுக் கணவாயாக வழிவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து ஈரக்காற்று இந்த வழியாகப் பொள்ளாச்சியை நோக்கிப் பாயும். கார்த்திகை கழிந்ததும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி வரும். பள்ளிக்கு நான் போவது ஸ்கூட்டரில், பனைமரங்கள் வரப்பில் நிற்கும் வயல்களின் நடுவே. ஊரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், எனக்கு எந்த லென்ஸ் ஆகும், எது ஆகாது என்பதைக் கடைசியில் தீர்மானித்தது இந்தக் காற்றுதான்.

என் வலது கண்ணுக்குக் கண்ணாடிப் பவர் மைனஸ் 5.00, சிலிண்டர் மைனஸ் 2.00, ஆக்சிஸ் 10. இடது கண்ணுக்கு மைனஸ் 4.25, சிலிண்டர் மைனஸ் 1.25, ஆக்சிஸ் 170. இந்த மூன்றாவது எண்ணைப் பலரும் கவனிப்பதே இல்லை. சாதாரணக் கருவிழி எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவு வளைந்திருக்கும். அஸ்டிக்மாட்டிசம் என்னும் சிதறல் பார்வை உள்ள கண்ணில் அது கரண்டியின் முதுகைப் போல ஒரு திசையில் அதிகமாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் வளைந்திருக்கும். என் வலது கண்ணில் கருவிழியின் வளைவை அளந்தபோது கிடைமட்டத்தில் 43.00, மேல்கீழாக 45.00 டையாப்டர் (பவரின் அலகு) என்று வந்தது. இந்த இரண்டின் வித்தியாசமே அந்தக் கண்ணின் சிலிண்டர். அந்தத் திருத்தத்தை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று சொல்வதுதான் ஆக்சிஸ்.

மேல்கீழாக வளைவு கூடிய என் கண்ணுக்குச் சிலிண்டர் திருத்தம் இல்லாவிட்டால், தெருவிளக்கு மேலும் கீழுமாக நீண்டு ஒரு கோடாகத் தெரியும். நெடுக்குக் கோடுகள் ஓரளவு தெளிவாக இருக்கும், கிடைக்கோடுகள் கரைந்துபோகும். தமிழ் எழுத்தில் இது எங்கே முதலில் வெளிப்படும் என்றால், மெய்யெழுத்தின் புள்ளியில். புள்ளி கீழே இறங்கி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ள, ‘க்’ எது, ‘க’ எது என்பது தூரத்தில் பிரியாது. வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து கரும்பலகையைப் பார்த்தால், சொல்லை ஊகித்துத்தான் படிக்க முடியும். மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆங்கில எழுத்துப் பலகையைவிட இந்தப் புள்ளிதான் எனக்கு நம்பகமான சோதனை. புள்ளி வைத்த எழுத்துகள் நிறைய உள்ள ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். லென்ஸ் போட்டபின் ஒவ்வொரு கண்ணாக மூடி அதைப் பார்க்கிறேன். புள்ளி தனியாக நின்றால் லென்ஸும் தன் இடத்தில் நிற்கிறது என்று பொருள்.

இந்தக் குறைபாட்டை 1801ஆம் ஆண்டில் தாமஸ் யங் தம் சொந்தக் கண்ணிலேயே அளந்து விவரித்தார். வானியலாளர் ஜார்ஜ் ஏரி தம் இடக்கண்ணின் கோளாறைத் தாமே ஆராய்ந்து, அதற்கேற்ற சிலிண்டர் கண்ணாடியைச் செய்வித்துக்கொண்டு, 1825இல் அதைப் பற்றி எழுதினார். நம் பார்வை எப்படிக் கலங்குகிறது என்பதை நாமே கவனித்துச் சொல்லத் தொடங்கினால் பரிசோதிப்பவரின் வேலை பாதி குறைந்துவிடும் என்பதற்கு இந்த இருவரும் நல்ல முன்னோடிகள். ‘மங்கலாக இருக்கிறது’ என்று சொல்வதைவிட, ‘விளக்கு மேல்கீழாக இழுபடுகிறது’ என்றோ ‘எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் விழுகிறது’ என்றோ சொல்வது அவருக்கு அதிகம் உதவும்.

கண்ணாடியை விட்டு லென்ஸுக்கு மாறியதற்கு அழகு ஒரு காரணமில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனாலும் முதன்மைக் காரணம் அது அல்ல. தடித்த சிலிண்டர் கண்ணாடியின் ஓரத்தில் பார்த்தால் தரை சாய்ந்து தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றும்போதெல்லாம் ஃபிரேம் கொஞ்சம் வளைந்து ஆக்சிஸ் நகரும். ஆடிச் சாரலில் கண்ணாடி முழுவதும் நீர்த்துளி நிற்கும். நான் முதலில் போன ஒரு கடையில், சிலிண்டரை விட்டுவிட்டு அதில் பாதியைச் சாதாரணப் பவரோடு கூட்டிப் போட்டுக்கொள்ளலாம், விலையும் குறையும் என்றார்கள். சிலிண்டர் 0.50 அல்லது 0.75 உள்ளவர்களில் பலருக்கு இந்த வழி போதும்; அதில் தவறில்லை. 2.00 உள்ள கண்ணுக்கு இது சமாளிப்புதான். எனக்கு அந்த லென்ஸில் பகலில் ஓரளவு தெரிந்தது. இருட்டியபின் எதிரே வரும் வாகனத்தின் முகப்பு விளக்கு இரண்டாகப் பிரிந்து கூசியது. இருளில் கண்ணின் பாப்பா (கண்மணி) விரிவதால், பகலில் மறைந்திருக்கும் மிச்சச் சிலிண்டர் இரவில் முழு உருவம் காட்டும். இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தச் சமாளிப்பை ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

கண்ணாடிச் சீட்டைக் கொடுத்து லென்ஸ் வாங்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி கண்ணுக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது; லென்ஸ் கருவிழியின் மேலேயே அமர்கிறது. பவர் 4.00ஐத் தாண்டினால் இந்த இடைவெளி கணக்கை மாற்றிவிடும். சிலிண்டர் உள்ளவருக்கு இரண்டு திசைகளையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். என் வலது கண்ணில் ஒரு திசை மைனஸ் 5.00, அது லென்ஸில் மைனஸ் 4.72 ஆகிறது. மற்றத் திசை, சிலிண்டர் 2.00 சேர்ந்து, மைனஸ் 7.00, அது மைனஸ் 6.46 ஆகிறது. வித்தியாசம் 1.74தான். அதனால் கண்ணாடியில் 2.00 என்றிருந்த சிலிண்டர் லென்ஸில் 1.75 ஆனது, முதல் எண் மைனஸ் 4.75 ஆனது. ‘கடைக்காரர் பவரைக் குறைத்துக் கொடுத்துவிட்டார்’ என்று சந்தேகப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மேலும், கண்ணாடியை 0.25 இடைவெளியிலும் ஆக்சிஸை ஒவ்வொரு டிகிரியாகவும் செதுக்கித் தருவார்கள். பெட்டியில் வரும் மென்மையான டோரிக் லென்ஸ்களில் சிலிண்டர் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75, 2.25 என்ற படிகளில்தான் கிடைக்கும். ஆக்சிஸ் 10 டிகிரிக்கு ஒன்றாக இருக்கும். நம் எண் இந்தப் படிகளுக்கு நடுவே விழுந்தால் அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும். என் எண் தற்செயலாகப் படியிலேயே விழுந்ததால் அந்தச் சிக்கல் எனக்கு வரவில்லை.

எனக்கு வந்த சிக்கல் வேறு. டோரிக் லென்ஸின் கீழ் ஓரத்தில், சில வகைகளில் இரு பக்கங்களிலும், நுண்ணிய கோடு ஒன்று பொறித்திருப்பார்கள். லென்ஸைப் போட்டுச் சற்று நேரம் கழித்து, ஸ்லிட் லாம்ப் என்னும் ஒளிநுண்ணோக்கியில் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்வையைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் பார்த்தார். வலது கண்ணில் அது நேர்கீழே நிற்காமல் அவருடைய இடப்பக்கமாக 10 டிகிரி விலகி நின்றது. கண்ணைச் சிமிட்டச் சொன்னார், மேலே பார்க்கச் சொன்னார், விரலால் லென்ஸைக் கொஞ்சம் தள்ளிவிட்டும் பார்த்தார்; ஒவ்வொரு முறையும் அது அதே 10 டிகிரிக்கே திரும்பி வந்தது. “டீச்சர், இது நல்ல சங்கதிதான். திரும்பி நின்னாலும் ஒரே இடத்துல நிக்குது. அலையுற லென்ஸ்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். லென்ஸ் எப்போதும் ஒரே அளவு திரும்பி நிற்குமானால், அந்த அளவை ஆக்சிஸில் முன்கூட்டியே கூட்டியோ கழித்தோ ஈடுசெய்துவிடலாம். பரிசோதிப்பவரின் இடப்பக்கம் திரும்பினால் கூட்ட வேண்டும். வலப்பக்கம் திரும்பினால் கழிக்க வேண்டும். என் ஆக்சிஸ் 10. இடப்பக்கம் 10 டிகிரி திரும்பியது. எனவே 20 என்று எழுதி லென்ஸ் வரவழைத்தார். 20 என்று பெட்டியில் அச்சிட்ட அந்த லென்ஸ் என் கண்ணில் திரும்பி நின்று 10ஆக வேலை செய்கிறது. ஆகவே கண்ணாடிச் சீட்டின் ஆக்சிஸும் லென்ஸ் பெட்டியின் ஆக்சிஸும் வேறாக இருப்பதைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை. இணையத்தில் வாங்கும்போது கண்ணாடிச் சீட்டைப் பார்த்து அதை ‘சரிசெய்து’ பதிவிடவும் கூடாது.

அலைகிற லென்ஸுக்கு இந்த ஈடு பயன்படாது. 10 டிகிரி திரும்பினால் சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான பிழை மீண்டும் முளைக்கும். 1.75 சிலிண்டருக்கு அது 0.60க்குச் சற்று மேல். மெய்ப்புள்ளி ஒட்டிக்கொள்ள அதுவே போதும். 30 டிகிரி திரும்பினால், சிலிண்டர் திருத்தமே இல்லாததற்குச் சமமான கலக்கம் வேறொரு கோணத்தில் வந்து நிற்கும். சிலிண்டர் எண் பெரிதாக ஆக, இந்தச் சகிப்பு எல்லையும் சுருங்கிக்கொண்டே போகும்.

மருத்துவமனையின் குளிரூட்டிய அறையில் நாற்காலியில் அமர்ந்து பார்த்தபோது முதல் லென்ஸ் நன்றாகவே நின்றது. என் ஊரையும் ஸ்கூட்டரையும் பற்றிக் கேட்டுக்கொண்ட ஆப்டோமெட்ரிஸ்ட், உடனே பெட்டி வாங்க வேண்டாம் என்றார். “இதைப் போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போங்க டீச்சர். நல்லாக் காத்து வாங்கிட்டு, பசங்க நோட்டு எல்லாம் திருத்திட்டு, சாயங்காலம் கண்ணுல லென்ஸோடவே வாங்க. அப்போ எங்க நிக்குதுன்னு பார்த்துச் சொல்றேன்.” லென்ஸ் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பெற வேண்டும் என்பேன். காலையில் போட்ட புதிய லென்ஸ் நிற்பதில் வியப்பில்லை. மாலையில், கண்ணீர் குறைந்து, லென்ஸ் சற்று வறண்டபின் அது எங்கே நிற்கிறது என்பதே கேள்வி.

அது மார்கழி. கிழக்குக் காற்று முகத்தில் அறையும் பருவம். வேலந்தாவளம் சாலையில் கொஞ்ச தூரம் போவதற்குள் வலது கண் மங்கத் தொடங்கும், நின்று சில முறை அழுத்திச் சிமிட்டினால் தெளியும், மீண்டும் மங்கும். வண்டி ஓட்டும்போது நாம் சிமிட்டுவது குறைகிறது. வறண்ட காற்று லென்ஸின் மேலுள்ள கண்ணீர்ப் படலத்தைக் கிழிக்கிறது. பாதி காய்ந்த லென்ஸை இமை கவ்வி இழுக்கும்போது அது தன் இடத்தை விட்டு நகர்கிறது. டோரிக் லென்ஸைத் தன் கோணத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது முக்கியமாக இமைதான். அந்த இமையும் கண்ணீரும் ஒழுங்காக வேலை செய்யாத நேரத்தில் எண் சரியாக இருந்தும் பயனில்லை.

இங்கே லென்ஸின் வடிவமைப்பு முக்கியமாகிறது. சில லென்ஸ்களின் அடிப்பாகத்தைத் தடிமனாக்கி, அந்தப் பாரத்தாலும் இமையின் அழுத்தத்தாலும் நிமிர்ந்து நிற்கச் செய்திருப்பார்கள். வேறு சிலவற்றில் மேலும் கீழும் மெலிந்த பகுதிகளை வைத்து, சிமிட்டும்போது இரு இமைகளும் அவற்றைப் பிடித்து நேராக்கும்படி செய்திருப்பார்கள். எனக்கு முதலில் தந்தது அடிபருத்த வகை; கீழிமையில் அதன் விளிம்பு உறுத்தியது; ஒருக்களித்துப் படுத்துத் தொலைக்காட்சி பார்த்தால் படம் சாய்ந்து கலங்கியது. இரண்டாம் வகையில் இந்த இரண்டு தொல்லையும் குறைந்தன. இது என் இமையின் இறுக்கத்துக்கும் அமைப்புக்கும் ஒத்துவந்தது, அவ்வளவுதான்; இன்னொருவருக்கு முதல் வகையே நன்றாக நிற்கலாம். ஒரு வகை ஒத்துவராவிட்டால், ‘எனக்கு டோரிக் சரிப்படாது’ என்று முடிவுகட்டாமல், வேறு வடிவமைப்பில் ட்ரையல் லென்ஸ் கேட்பதே முறை.

கூடவே லென்ஸின் பொருளையும் மாற்றினோம். மாதம் முழுவதும் பயன்படுத்தும் லென்ஸிலிருந்து, பிராணவாயுவை நன்றாகக் கடத்தும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லால் ஆன, ஒரே நாளில் எறிந்துவிடும் லென்ஸுக்கு மாறினேன். செலவு கணிசமாகக் கூடியது. வாரம் முழுவதும் அணியாமல் பள்ளி நாள்களில் மட்டும் அணிந்து, மற்ற நாள்களில் கண்ணாடியே போட்டுக்கொள்வதால் அது தாங்கும் அளவில் நிற்கிறது. முகத்தை முழுதும் மூடும் வைசருள்ள ஹெல்மெட் வாங்கியதுதான் எல்லாவற்றிலும் மலிவான, அதிகப் பலன் தந்த மாற்றம். லென்ஸோடு பயன்படுத்தத் தக்கது என்று குறிப்பிட்டிருக்கும் ஈரச்சொட்டு மருந்தைப் புறப்படும் முன் ஒருமுறை விட்டுக்கொள்கிறேன். அறுவடைக் காலத்தில் நெல் தூற்றும் களத்தைக் கடந்து போக வேண்டியிருந்தால், அன்று கண்ணாடிதான்.

கடின லென்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிலிண்டருக்கு அதுதான் பழைய, இன்றும் வலுவான வழி. வாயுவைக் கடத்தும் அந்தக் கடின லென்ஸ் கருவிழியின் வளைவுக்கேற்ப வளைந்துகொடுக்காது. உருண்டையான அதன் உட்பக்கத்துக்கும் ஒழுங்கற்ற கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பி, அந்தக் கண்ணீரே ஒரு லென்ஸாகிக் கருவிழியின் சிலிண்டரில் பெரும்பகுதியை அழித்துவிடும். ஓரளவு சிலிண்டர் வரை அது எந்தப் பக்கம் சுழன்றாலும் கவலையில்லை, ஏனென்றால் திருத்துவது கண்ணீர். ஒரு நிபந்தனை உண்டு: சிலிண்டர் கருவிழியில் இருக்க வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லையால் வரும் சிலிண்டரை இது திருத்தாது. எனக்கு வளைவு அளவீட்டின் வித்தியாசமும் கண்ணாடிச் சிலிண்டரும் ஒன்றாக இருந்ததால் கடின லென்ஸ் பொருந்தக்கூடிய கண் என்றார்கள்; போட்டபோது எழுத்து அச்சடித்தது போலத் தெரிந்தது என்பதும் உண்மை. பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், தினமும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் புழுதிக் காற்றில் ஒரு துகள் அதன் அடியில் புகுந்துவிட்டால், ஓடும் ஸ்கூட்டரில் கண்ணைத் திறக்கவே முடியாது. அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்பவளாக இருந்திருந்தால் நான் அதையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

சிலிண்டர் எண் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனாலோ, கண்ணாடி மாற்றியும் பார்வை முழுமையாகத் தெளியாவிட்டாலோ, லென்ஸ் பேச்சை எடுக்கும் முன்பே கருவிழியின் நிலவரைபடமாகிய கார்னியல் டோப்போகிராஃபி எடுத்துப் பார்க்க வேண்டும். கெரட்டோகோனஸ் என்னும் நோயில் கருவிழி மெலிந்து கூம்பாகும். அது பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் முற்றும். கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. அந்தச் சிலிண்டர் ஒழுங்கற்றது. சாதாரண டோரிக் லென்ஸ் அதற்குப் போதாது. கடின லென்ஸோ வெண்விழியின் மேல் தாங்கி நிற்கும் ஸ்கிளீரல் லென்ஸோ வேண்டியிருக்கும். நோய் மேலும் முற்றாமல் தடுக்கும் சிகிச்சையும் உண்டு. ஆனால் போன பார்வையை அது மீட்டுத் தராது. அதனால் காலம் முக்கியம். வகுப்பில் அரிப்பால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை எவரேனும் இருந்தால், பெற்றோரிடம் அந்தப் பரிசோதனையைச் சொல்லி அனுப்புவதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்றாடப் பழக்கங்களில் சிலிண்டர் லென்ஸுக்கென்று தனியாக உள்ளவை சிலவே. லென்ஸை எந்தப் பக்கமாகப் போட்டாலும் சில நிமிடங்களில் அது தானே தன் இடத்துக்கு வந்துவிடும். போட்டவுடன் தெரியும் மங்கலைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. வலதும் இடதும் மாறினால் பவரோடு கோணமும் மாறிப்போவதால் கலக்கம் இரட்டிப்பாகும். எப்போதும் வலது கண்ணிலேயே தொடங்குவது நல்லது. விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்கும்போது விளிம்பு வெளிப்பக்கமாக விரிந்திருந்தால் லென்ஸ் புரண்டிருக்கிறது. புரண்ட டோரிக் லென்ஸ் உறுத்தும், நிற்கவும் செய்யாது.

மற்றவை எல்லா லென்ஸுக்கும் பொது. ஆனால் நம் வீடுகளுக்கென்று சில தனிக் கவனங்கள் உண்டு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்த கையில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் நல்லெண்ணெயின் மெழுக்குப் போகாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையும் அப்படியே. லென்ஸை முதலில் போட்டுக்கொண்டு எண்ணெய், மை, திருநீறு, குங்குமம் எல்லாவற்றையும் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். மிளகாய் நறுக்கிய விரலைக் கழுவியபின்னும் காரம் தோலில் தங்கியிருக்கும். மாலையில் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் சமையலறைக்குப் போகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சமும் தளர்வு கூடாது. கிணற்று நீரோ குழாய் நீரோ வடிகட்டிய குடிநீரோ, எதுவும் லென்ஸின் மேல் படக் கூடாது. நீரிலும் மண்ணிலும் வாழும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் புகுந்தால், மாதக்கணக்கில் வைத்தியம் செய்ய வேண்டியிருக்கும், பார்வையும் போகலாம். எங்கள் வீட்டுக் கிணற்று நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும் என்பது இதற்குப் பதிலாகாது. குளிக்கும் முன் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். ஆழியாற்றிலோ ஊர்க்குளத்திலோ இறங்கும்போதும் அப்படியே. கையைக் கழுவியபின் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். மாத லென்ஸ் அணிகிறவர்கள் டப்பாவில் பழைய கரைசலை வைத்துக்கொண்டு அதன் மேலேயே புதியதை ஊற்றக் கூடாது. முழுதும் கொட்டிவிட்டு, லென்ஸை உள்ளங்கையில் வைத்துக் கரைசலால் தேய்த்து அலசி, புதிய கரைசலில் இட வேண்டும். டப்பாவைக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். லென்ஸோடு தூங்குவது, பகல் தூக்கமானாலும், கருவிழித் தொற்றின் அபாயத்தைப் பல மடங்கு கூட்டும்.

பாலக்காட்டுப் பக்கம் கண் எரிச்சல் என்றால் இளநீர்க்குழம்பு என்னும் ஆயுர்வேதக் கண் மருந்தை எடுத்து நீட்டாத வீடு குறைவு. தமிழ்நாட்டுப் பக்கம் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடச் சொல்வார்கள். என் மாமியாரும் அக்கறையோடுதான் சொன்னார். “அத்தை, லென்ஸ் போட்ட கண்ணுக்கு அது ஆகாதுங்க” என்று நான் சொன்னதும், “அப்ப கழட்டிட்டு ஊத்திக்கோ கண்ணு” என்றார். கழற்றியபின்னும் வேண்டாம் என்பதை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. லென்ஸ் அணிகிறவருக்குக் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை குறைந்தால் அது சூடு அல்ல. தொற்று என்றே கருதி உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் எடுத்துச் செல்ல வேண்டும். கிருமியைக் கண்டறிய அவை உதவும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், பூஞ்சைத் தொற்று இன்னும் வேகமாகப் பரவும். வயலும் தோப்புமாக உள்ள நம் பகுதிகளில் பூஞ்சைத் தொற்று அபூர்வமானதல்ல.

நாற்பதை நெருங்குகிறவர்களிடம் கடைகளில் சொல்லாத ஒன்று உண்டு. கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டிருப்பவர் அருகில் படிக்கும்போது கண் குவிய வேண்டிய அளவு சற்றுக் குறைவு. லென்ஸுக்கு மாறினால் அது கூடும். தவிர, கண்ணாடியைக் கழற்றி நோட்டை முகத்தருகே கொண்டுவந்து திருத்தும் வசதியும் போய்விடும். லென்ஸ் போட்ட பிறகு திடீரென்று வெள்ளெழுத்து வந்துவிட்டதாக நான் நினைத்ததற்குக் காரணம் இதுதான். இப்போது நோட்டுத் திருத்தும்போது மட்டும் லென்ஸின் மேல் பிளஸ் 1.00 படிப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். தூரமும் கிட்டமும் சேர்ந்த மல்டிஃபோக்கல் டோரிக் லென்ஸும் இருக்கிறது. ஆனால் அதில் பவரோடும் கோணத்தோடும் லென்ஸின் நடுப்பகுதி பாப்பாவுக்கு நேராக நிற்பதும் சேர்ந்து அமைய வேண்டும். அதன் ட்ரையலை இந்தக் கிழக்குக் காற்று அடங்கும் முன்பே, மாசிக்குள், ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பதாக ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் சொல்லியிருக்கிறேன்.